சுரங்க நீர் சுத்திகரிப்பு நிலையம்: ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள எல்க் பள்ளத்தாக்கில், நிலக்கரி வெட்டும்போது மலைமலையாகக் குவித்த கழிவுப்பாறைகளுக்குள் மழைநீரும் பனியுருகிய நீரும் இறங்கி, அளவு மிஞ்சினால் மீன்களுக்கு நஞ்சாகும் செலினியம் என்ற தனிமத்தைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் கலக்கின்றன. அதைக் குறைக்க டெக் நிறுவனம் மேற்கு லைன் கிரீக்கில் நிறுவிய சுத்திகரிப்பு நிலையம் தொடக்க ஓட்டத்தில் இருந்தபோதே, 2014 அக்டோபரில், அது வெளியேற்றிய நீரால் மீன்கள் இறந்தன. 2017-இல் நீதிமன்றம் 14,25,000 கனடிய டாலர் அபராதம் விதித்தது. அதைக் கட்ட வேண்டியிருந்தது சுரங்க நிறுவனம்தான். நிலையத்தை யார் கட்டினாலும் ஓடையில் விடும் நீருக்குப் பொறுப்பு அனுமதி பெற்றவருடையது; ஒப்பந்ததாரரிடம் வசூலிக்கும் தாமத இழப்பீடு அந்தப் பொறுப்பைக் கரைத்துவிடாது.

ஆகவே முதல் தவறு, வெளிவரும் நீரின் தரத்துக்குப் பணம் தராமல் கட்டுமானத்தை மட்டும் விலைக்கு வாங்குவது. தொட்டி எழும்பியதும் ஒரு தவணை, பம்புகள் சைட்டுக்கு வந்ததும் ஒரு தவணை என்று பணத்தில் பெரும்பகுதி முன்பே போய்விட்டால், செயல்திறன் சோதனை தோற்கும் நாளில் ஒப்பந்ததாரரைப் பிடித்து நிறுத்த எதுவும் மிஞ்சாது. கணிசமான தொகை, தொடர்ந்து பல வாரங்கள் வரம்புக்குள் நீர் வெளிவந்த பிறகே கைமாற வேண்டும்.

எந்த வரம்பு என்பதில்தான் நுட்பமான தவறு ஒளிந்திருக்கிறது. அதே நிலையத்தில் நுண்ணுயிரிகள் மொத்த செலினியத்தைக் குறைத்தன; ஆனால் எஞ்சிய செலினியத்தின் ஒரு பகுதி, பாசியும் பூச்சிகளும் எளிதில் உறிஞ்சி மீன்களுக்குக் கடத்தும் வேதி வடிவத்துக்கு மாறியிருந்தது. அதைச் சரிசெய்ய 2018-இல் ஆக்சிஜனேற்றப் பிரிவு ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. மொத்த அளவை மட்டும் உத்தரவாதமாக எழுதிய ஒப்பந்தமாக இருந்தால், இப்படிப்பட்ட நீரைத் தந்தவர் வென்றவராகவே கருதப்படுவார். வேதி வடிவங்கள், நைட்ரைட், பாஸ்பேட், அந்த நீரில் மீன்கள் உயிர்வாழ்கின்றனவா என்ற சோதனை ஆகிய அனைத்தும் உத்தரவாதப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

உள்ளே வரும் நீரின் தரவிலும் அலட்சியம் கூடாது. உறைபனிக் காலத்து மாதிரிகளை மட்டும் வைத்து வடிவமைத்த நிலையத்துக்கு, வசந்தத்தில் பனி உருகும்போது ஓட்டமும் உப்பளவும் மாறிவிடும். உடனே ஒப்பந்ததாரர், "நீங்கள் சொன்ன நீர் வேறு, வந்த நீர் வேறு" என்பார். வடிகட்டியதா, அமிலம் சேர்த்ததா, எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒவ்வொரு மாதிரிக் குப்பியின் மேலும் எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டிருந்தால் அந்த வாதம் நிற்காது.

தாமதம் தெரிந்த பிறகு பேச்சிலேயே காலம் கழிப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. நான் அருகிலிருந்து பார்த்த ஒரு பணியில், நல்லுறவு கெடக்கூடாது என்று எழுத்துமூல அறிவிப்பைத் தள்ளிப்போட்டார்கள். பணத்தைக் கோரும் கடிதம் வங்கிக்குப் போனபோது, ஒப்பந்ததாரர் தவறினால் பணம் தருவதாக வங்கி எழுதித் தந்த உத்தரவாதம் காலாவதியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ஒப்பந்தத்தை முறிப்பதற்கு முன், வரைபடங்களும் கட்டுப்பாட்டு மென்பொருளும் அதன் கடவுச்சொற்களும் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நுண்ணுயிரித் தொட்டிகளுக்குத் தவறாமல் ஊட்டம் செலுத்த வேண்டும். பழைய குழு வெளியேறி, புதிய குழு நுழையும் இடைவெளியில் அவை பட்டினி கிடந்தால், மீண்டும் வளர்த்தெடுக்கப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை வரும் நீரைத் தேக்கிவைக்கக் குளம் இருக்கிறதா என்பதை, முறிவுக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே தளத்தில் நேரில் சென்று அளந்து பார்த்துவிட வேண்டும்.