பி.டி.எல். செல்களில் க்யூபிசிஆர்: சிடி மதிப்பை நம்புவதற்கு முன்

பல்லுக்கு க்ளிப் போட இடம் வேண்டும் என்று பிடுங்குகிறார்களே, அந்த முன்கடைவாய்ப்பல்தான் நமக்கு மூலப்பொருள். அதன் வேரைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய நார்த்திசுதான் பீரியடான்டல் லிகமென்ட், சுருக்கமாக பி.டி.எல். க்ளிப் பல்லை நகர்த்தும்போது நசுங்குவது இந்தத் திசுதான். அதன் செல்களை வளர்த்து, மேலே எடை வைத்து, எந்த மரபணு கூடுகிறது, எது குறைகிறது என்று க்யூபிசிஆரில் பார்ப்பதுதான் இந்தப் பதிவு. க்யூபிசிஆர் என்பது மரபணுவின் நகலைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கி அளக்கும் முறை. குறிப்பிட்ட அளவைத் தொட எத்தனை சுற்று ஆனது என்பதுதான் சிடி; சிடி ஒன்று குறைந்தால் நகல் இரண்டு மடங்கு இருந்தது என்று அர்த்தம். செல் வளர்க்கவும் பைபெட் பிடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் கையில் வந்த பிறகே பல்லை வாங்குங்கள்.

படி 1: செல் எடுப்பது

வேரின் நடுப்பகுதியை மட்டும் சுரண்டுங்கள். மேலே போனால் ஈறு செல்லும், நுனிக்குப் போனால் பல்கூழ் செல்லும் சேர்ந்துவிடும். சுரண்டியதை கொலாஜினேஸ், டிஸ்பேஸ் கலவையில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் செல்கள் பிரியும். 2004இல் இந்தத் திசுவில் ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டியவர்களும் இந்த வழியில்தான் எடுத்தார்கள். துண்டை அப்படியே தட்டில் ஒட்டவைத்து, செல் தானாக ஊர்ந்து வரும்வரை காத்திருப்பதும் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. வாயிலிருந்து வரும் பொருள் என்பதால் முதல் வாரம் ஆன்டிபயாடிக்கோடு பூஞ்சைக்கொல்லியும் சேர்க்கவும். சோதனைக்கு 3 முதல் 5வது பாசேஜ் நல்லது. அதற்கு மேல் போனால் செல்லின் குணமே மாறத் தொடங்கிவிடும்.

படி 2: எடை வைப்பது

பெரும்பாலானோர் வைப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 கிராம், 24 மணி நேரம். வளர்ப்புத் தட்டில் உள்ள கிணற்றின் பரப்பை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். எடைக்கு அடியில் செல்லைத் தொடுவது கண்ணாடி வட்டு, ஆகவே வட்டின் பரப்புதான் கணக்கு. விட்டம் 3 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 7 ச.செ.மீ., மொத்த எடை 14 கிராம். கன்ட்ரோல் கிணற்றிலும் ஒரு மெல்லிய கவர்கிளாஸ் வையுங்கள். கண்ணாடி மூடினாலே செல்லுக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். கன்ட்ரோலைத் திறந்தே விட்டால், நீங்கள் அளப்பது அழுத்தத்தையா மூச்சுமுட்டலையா என்று சொல்ல முடியாது.

படி 3: ஆர்என்ஏ

டிரிப்சின் போட்டுச் செல்லைப் பெயர்க்க வேண்டாம், அதற்குள்ளேயே சில மரபணுக்கள் மாறிவிடும். மீடியத்தை உறிஞ்சி, பிபிஎஸ்ஸில் ஒரு தடவை கழுவி, கிணற்றிலேயே செல்லைக் கரைக்கும் ட்ரைசால் 1 மில்லி ஊற்றுங்கள். அப்புறம் குளோரோஃபார்ம், சென்ட்ரிஃபியூஜ், மேல் அடுக்கு. அந்த அடுக்கைக் கடைசிச் சொட்டுவரை எடுக்கும் பேராசை வேண்டாம். செல் குறைவு என்பதால் ஐசோபுரோப்பனாலோடு கொஞ்சம் கிளைகோஜனும் சேர்த்தால்தான் அடியில் படிவது கண்ணுக்குத் தெரியும். என் விருப்பத்தைக் கேட்டால், ட்ரைசாலில் கரைத்து, மேல் அடுக்கை காலம் (column) கிட்டில் முடிப்பதுதான் சுத்தம். காசு கொஞ்சம் கூட.

ஆர்என்ஏவின் சுத்தத்தைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 2ஐ ஒட்டி வந்ததும் கிளம்பிவிடாதீர்கள், 260/230ஐயும் பாருங்கள். அது 1.8க்கு ரொம்பக் கீழே இருந்தால் பெரும்பாலும் ட்ரைசாலின் குவானிடின் உப்பு மிச்சம். 75 சதவீத எத்தனாலில் இன்னொரு முறை கழுவினால் தீரும்.

படி 4: சிடிஎன்ஏ, பிரைமர்

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைம் போட்டு ஆர்என்ஏவை டிஎன்ஏ நகலாக (அதுதான் சிடிஎன்ஏ) மாற்றும்போது எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்என்ஏ, உதாரணமாக 500 நானோகிராம். ஏன் இவ்வளவு கறார் என்பது அடுத்த படியில் புரியும். பிரைமர் (மரபணுவில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) இரண்டு எக்ஸான்கள், அதாவது ஆர்என்ஏவில் மிஞ்சும் மரபணுப் பகுதிகள், சேரும் இடத்தில் உட்கார வேண்டும், பெருகும் துண்டு 70 முதல் 150 பேஸ் வரை. செயல்திறன் (ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டித்தால் 100) 90 முதல் 110 சதவீதத்துக்குள் இல்லாத பிரைமரைத் தூக்கிப் போடுங்கள். சைபர் கிரீன் சாயமே போதும், ஒரே துண்டுதான் பெருகியதா என்று காட்டும் மெல்ட் கர்வைப் பார்க்கும் பழக்கம் இருந்தால்.

படி 5: ஒப்பீட்டு மரபணு (இங்கேதான் எல்லாரும் விழுகிறோம்)

அசையாது என்று நம்பி, மற்ற மரபணுக்களை எதோடு ஒப்பிடுகிறோமோ அதுதான் ஒப்பீட்டு மரபணு. ஆய்வகத்தில் ஏற்கெனவே ஜிஏபிடிஎச் என்ற மரபணுவுக்கான பிரைமர் இருக்கும், அதையே போட்டுவிடுவோம். ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் ஜிஏபிடிஎச் ஏறக்கூடியது. எடை வைத்த செல்லில் அது அசையாமல் இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? படிக்கல்லே எடை மாறினால் தராசு என்ன செய்யும்?

ஒரு கணக்கு. கன்ட்ரோலில் ஜிஏபிடிஎச் சிடி 18, நம் மரபணு 26, வித்தியாசம் 8. அழுத்தியதில் ஜிஏபிடிஎச் 17, நம் மரபணு அதே 26, வித்தியாசம் 9. இந்த இரண்டு வித்தியாசங்களின் வித்தியாசமான டெல்டா டெல்டா சிடி 1, அதாவது 0.5 மடங்கு. நம் மரபணு துளிகூட அசையவில்லை, ஆனால் "பாதியாகக் குறைந்தது" என்று படம் வரைந்துவிடுவோம்! அசையாத இன்னொரு ஒப்பீட்டு மரபணுவை ஜிஏபிடிஎச்சோடு சேர்த்துச் சராசரி எடுத்தாலும் 0.71 என்றுதான் வரும். பிழை குறையும், போகாது.

ஆகவே முதலில் ஆர்பிஎல்22, பிபிஐபி, டிபிபி, ஜிஏபிடிஎச் என்று நாலைந்து ஒப்பீட்டு மரபணுக்களை எடுத்து, கன்ட்ரோலிலும் அழுத்தியதிலும் வெறும் சிடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்என்ஏ அளவு ஒன்றாக இருப்பதால் இந்த ஒப்பீடு செல்லும். ஒன்று மட்டும் நகர்ந்தால் அதை விலக்கிவிட்டு, மிச்சத்தில் நிலையான இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். 2002இல் வந்த ஜிநார்ம் முறை இதையே கணக்காகச் செய்யும்.

படி 6: முடிவு

முதலில் அழற்சி மரபணுவான காக்ஸ்-2ஐப் பாருங்கள். அழுத்திய பி.டி.எல். செல்லில் அது ஏறியே ஆக வேண்டும். ஏறவில்லை என்றால் எடையைச் சரிபாருங்கள், மற்ற மரபணுக்களைப் பற்றி அப்புறம் பேசலாம். எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் ரேங்க்எல் இந்தச் செல்களில் குறைவாகவே இருக்கும், சிடி 30ஐத் தாண்டி வரும், அதற்கு சிடிஎன்ஏவைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் இருவர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: ஒரே பல்லின் செல்லை மூன்று கிணறுகளில் போட்டால் மூன்று மாதிரிதானே? இல்லை. அது ஒரே மனிதர். மூன்று பேரின் பல் வேண்டும், ஆளுக்கு ஆள் இந்தச் செல்கள் அவ்வளவு மாறும்.

இன்னொன்று: ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாயிலும் சிடி 33 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். டிஎன்ஏ கலந்திருக்கிறது. நம் மரபணு 23இல் வந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டுவிடலாம். ரேங்க்எல் மாதிரி 31இல் வந்தால் கால் பங்கு அந்தக் கலப்படம்தான். டிஎன்ஏஸ் போட்டு, ஈடிடிஏ சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து அதை முடக்கிவிட்டு, சிடிஎன்ஏவை மறுபடி செய்யுங்கள்.