பேர் கெட்டுப்போன போர்ஷே 924ஐ இன்னைக்கு எப்படி எடை போடுறது

924னு வாயெடுத்தாலே "அது வேன் இன்ஜின் போட்ட போர்ஷே தானே"ன்னு யாராவது சொல்லிடுவாங்க. அப்படி சொல்றவங்கள்ல பல பேர் அந்த கார்ல உக்காந்து கூட பார்த்திருக்க மாட்டாங்க, யாரோ சொன்னதை இவங்க சொல்றாங்க, அதை இன்னொருத்தர் சொல்றார், நாற்பது அம்பது வருஷமா இப்படியே ஓடிட்டு இருக்கு. எனக்கு இந்த கார் மேல பாசம் உண்டு. ஆனா பாசத்துல மார்க் போட்டா அதுவும் தப்பா தான் போகும், அதனால முறையா பார்ப்போம்.

முதல்ல அந்த கெட்ட பேரோட வேரைப் பிடிங்க. இது ஃபோக்ஸ்வேகனுக்காக போர்ஷே டிசைன் பண்ணின கார். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் ஃபோக்ஸ்வேகன் பின்வாங்கிடுச்சு, போர்ஷே அந்த டிசைனை காசு கொடுத்து வாங்கி 1976ல தன் பேர்ல விட்டுச்சு, தயாரிச்சது ஜெர்மனில நெக்கர்சுல்ம் ஊர்ல இருந்த, என்எஸ்யூங்கிற பழைய கார் கம்பெனியோட ஃபேக்டரில. பின்னாடி இன்ஜின், காத்து கூலிங்னு இருந்த போர்ஷே 911ஐ ஓட்டிப் பழகினவங்களுக்கு, இன்ஜின் முன்னாடி, தண்ணி கூலிங், பாதி பார்ட்ஸ் ஃபோக்ஸ்வேகன் ஆடியோடதுன்னா எப்படி பிடிக்கும்? கார் எப்படி ஓடுதுங்கிற பேச்சுக்கு வர்றதுக்கு முன்னாடியே தீர்ப்பு எழுதியாச்சு.

அப்புறம் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியா எடுத்து உண்மையா பாருங்க. வேன் இன்ஜின் கதை பாதி நிஜம். அந்த 2.0 லிட்டர் இன்ஜின் ஆடியோடது, அதே குடும்பத்து இன்ஜின் ஃபோக்ஸ்வேகன் எல்டி வேன்லயும் இருந்துச்சு. ஆனா வேன்ல கார்புரேட்டர், 924ல பாஷ் கே-ஜெட்ரானிக் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், ஐரோப்பா மாடல்ல 125 எச்பி. அமெரிக்காவுக்கு முதல்ல போனது வெறும் 95 எச்பி தான். அதனால ஒருத்தர் "இழுக்கவே இல்ல"ன்னு சொன்னா, எந்த நாட்டு கார், எந்த வருஷம்னு கேளுங்க, ரெண்டு பேர் ரெண்டு வேற காரைப் பத்தி சண்டை போட்டுட்டு இருப்பாங்க.

அடுத்தது ஓட்டிப் பார்க்கிறது, இதுல தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நேர் ரோட்ல ஆக்ஸிலரேட்டரை அமுக்கிட்டு "சே, இவ்ளோதானா"ன்னு இறங்கிடுவாங்க. 100 கி.மீ. வேகத்துக்கு சுமார் 10 செகண்ட் எடுக்கிற காரை நேர் ரோட்ல எடை போட்டு என்ன பிரயோஜனம்? இதுல இன்ஜினும் கிளட்சும் முன்னாடி, கியர்பாக்ஸ் பின் ஆக்ஸில் கிட்ட, ரெண்டுக்கும் நடுவுல ஒரு குழாய்க்குள்ள ஷாஃப்ட் ஓடுது, அதனால எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சரிபாதி. இது வளைவுல தான் தெரியும். வண்டி நடமாட்டம் இல்லாத வளைவு ரோட்டுக்கு போங்க, மிதமான வேகத்துல திருப்பும்போது ஸ்டீயரிங் கைல என்ன சொல்லுதுன்னு கவனிங்க, வளைவு நடுவுல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்துப் பாருங்க. மூக்கு கொஞ்சம் உள்ள மடங்கும், அவ்வளவு தான். அந்தக் காலத்து 911ல இதையே வேகமா பண்ணினா பின்பக்கம் சுத்திட்டு முன்னாடி வந்துடும். 924ஓட அசல் திறமை இந்த நிதானம் தான், ஒப்பிடணும்னா இங்க ஒப்பிடுங்க.

இப்போ ரொம்ப முக்கியமான விஷயம், டிசைன் குறையையும் பராமரிக்காத குறையையும் கலந்துடாதீங்க. விலை இறங்கின கார் செலவு பண்ண மனசில்லாதவங்க கைக்கு போகும், அவங்க விட்ட குறை எல்லாம் கார் பேர்ல எழுதப்படும். ஒண்ணு சொல்றேன். கார் நல்லா ஓடிட்டு வரும், பெட்ரோல் போட நிறுத்துவீங்க, கால் மணி நேரம் கழிச்சு சாவியைத் திருப்பினா செல்ஃப் மட்டும் சுத்திட்டே இருக்கும், ஸ்டார்ட் ஆகாது. அதே கார் காலைல ஜில்லுனு இருக்கும்போது உடனே பிடிச்சுக்கும். "இன்ஜினே சரியில்ல"ன்னு முடிவு கட்டிடுவாங்க. பெரும்பாலும் காரணம், பெட்ரோல் பிரஷரைப் பிடிச்சு வைக்கிற ஃப்யூயல் அக்யுமுலேட்டரோ, பெட்ரோல் திரும்பிப் போகாம தடுக்கிற பம்ப் செக் வால்வோ போயிருக்கும், ஆஃப் பண்ணின உடனே பிரஷர் இறங்கி சூட்டுல பெட்ரோல் லைன்ல ஆவியாயிடும். பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜினை நிறுத்திட்டு, முள் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பார்த்தா விஷயம் தெரிஞ்சுடும். சரி பண்ணினா அந்த "மோசமான இன்ஜின்" சூட்டுலயும் ஒழுங்கா பிடிக்கும்.

மத்தது, பேட்டரிக்கு கீழ இருக்கிற தகடு துருப்பிடிச்சு தண்ணி உள்ள வருதா, கார்பெட்டை தொட்டுப் பாருங்க. பின் கண்ணாடி ஃபிரேமை விட்டு விலகியிருக்கா பாருங்க. ஷாஃப்ட் குழாய்ல பேரிங் சத்தம் வருதான்னும் கேளுங்க.

நிஜக் குறைகளை மறைக்கவும் வேணாம். இன்ஜின் சத்தம் கரகரன்னு இருக்கும், மேல் ஆர்பிஎம்ல சுகமே இல்ல, சாதா மாடல்ல பின்னாடி டிரம் பிரேக் தான். இதெல்லாம் அன்னைக்கும் குறை, இன்னைக்கும் குறை.

ரேஸ் பெருமையையும் அளவோட எடுத்துக்கோங்க. 1980ல பிரான்ஸ்ல நடந்த லெ மான் 24 மணி நேர ரேஸ்ல 924ல இருந்து உருவாக்கின கார்கள் 6, 12, 13வது இடத்துல வந்துச்சு, சந்தோஷம் தான், ஆனா அது டர்போ போட்ட வேற ஜாதி. எனக்கு அதை விட பெரிய சாட்சி, இதே அடிப்படை மேல தான் போர்ஷே 1982ல 944ஐ கொண்டு வந்துச்சு, அப்புறம் அதுக்கு அடுத்து வந்த 968 மாடல் வரைக்கும், அதாவது 1995 வரைக்கும் இதே அமைப்பு ஓடுச்சு. உருப்படாத அடித்தளத்து மேல யாரும் அவ்வளவு வருஷம் கட்ட மாட்டாங்க.

சந்தேகம் இன்னும் தீரலைன்னா, 944ஓட 2.5 லிட்டர் இன்ஜின் போட்ட 924எஸ் ஒண்ணையும் சாதா 924ஐயும் ஒரே நாள்ல, ஒரே ரோட்ல ஓட்டிப் பாருங்க. எது இன்ஜினோட குறை, எது காரோட குறைன்னு பிரிஞ்சு வந்துடும். ஆனா 924எஸ்ல டைமிங் பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்கும், அதனால சாவியை வாங்குறதுக்கு முன்னாடி பெல்ட் எப்போ மாத்தினாங்கங்கிற பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்க.