வார்னிஷ் காயும்போது சுவரைத் தேய்க்காதீர்கள்: வீட்டு ரிப்பேரும் கைவேலையும் சிறுவியாபாரமும் மோதும் இடங்கள்

ஆர்டருக்குச் செய்த மூன்று போட்டோ பிரேம்கள். இரண்டாவது கோட் வார்னிஷ் அடித்து மேசைமேல் வரிசையாக வைத்திருந்தேன். தொட்டால் விரலில் ஒட்டும் பதம். இன்னும் ஐந்தாறு மணி நேரம் அவற்றின் பக்கமே போகக்கூடாது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று, பக்கத்து அறையில் போன வாரம் பட்டி பார்த்து விட்டிருந்த சுவரை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பிரேம்கள் உப்புத்தாள் மாதிரி ஆகிவிட்டன.

அன்று இரவு மூன்றையும் தேய்த்துத் துடைத்து மறுபடி முதலிலிருந்து. வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் தவணை வேறு. நேரத்தை வீணாக்கக்கூடாது என்று செய்த காரியம்தான் இரண்டு நாளைத் தின்றது.

வீட்டு ரிப்பேர், மனசுக்குப் பிடித்த கைவேலை, அதிலிருந்தே முளைத்த சின்ன வியாபாரம் என்று மூன்றையும் தலையில் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வது, 'நேரமே கிடைப்பதில்லை'. நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தொல்லையில் பாதி அதனால் வருவதில்லை. மூன்று வேலையும் ஒரே மேசை, ஒரே கருவிப்பெட்டி, ஒரே பர்ஸ் என்று முட்டிக்கொள்வதால் வருகிறது. எங்கெங்கே முட்டும் என்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால் பாதி தப்பிக்கலாம்.

காயும் நேரத்தை ஓய்வு நேரம் என்று நினைப்பது

இதுதான் நான் அதிகம் செய்த தவறு. பசை, பெயிண்ட், சிமெண்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு கணக்கு உண்டு. மேலே தொட்டால் ஒட்டாத நிலை ஒன்று, உள்ளே முழுதாக இறுகின நிலை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையில் ஒட்டிய சட்டத்தை அரை மணி, ஒரு மணி நேரத்தில் கிளாம்பிலிருந்து எடுத்துவிடலாம். அதில் பாரம் ஏற்ற 24 மணி நேரம் பொறுக்க வேண்டும். 'ஐந்து நிமிட' எப்பாக்ஸி ஐந்து நிமிடத்தில் பிடிப்பது உண்மை, முழு பலம் வருவது மறுநாள்தான். குளியலறை ஓரத்தில் வைக்கும் சிலிக்கான் வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். மேல்தோல் காய்ந்துவிட்டதே என்று அன்றே தண்ணீரைத் திறந்தால், செய்த வேலை வீண். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கிற அளவுக்குக் கெட்டியாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சிமெண்ட் பூச்சு இன்னும் மோசம். கான்கிரீட்டின் பலத்தையே 28-ஆம் நாள் வைத்துத்தான் பார்க்கிறார்கள். புதுப் பூச்சின்மேல் ஒரே வாரத்தில் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் அதைப் பொக்குளம் பொக்குளமாகக் கிளப்பிவிடும்.

டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 25 டிகிரி வாக்கில், காற்றில் நடுத்தர ஈரப்பதம் இருக்கும்போது எடுத்த கணக்கு. மழை நாளில், காற்றோட்டமில்லாத அறையில் அதுவே இரட்டிப்பாகலாம். நாளைக்கு டெலிவரி என்று நேற்றே வாக்குக் கொடுத்தவருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

சரி, என்ன செய்யலாம்? நாளின் முதல் பாதியில் தூசி வேலை, கடைசியில் ஈர வேலை. அறுப்பது, துளையிடுவது, தேய்ப்பது எல்லாம் முன்னால். பிறகு பெருக்கி, கிளம்பிய தூசி அடங்க ஒரு மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் வார்னிஷ் அடித்து, ஜன்னலைத் திறந்து வைத்து அறைக்கதவைச் சாத்திவிடுவது. நீங்கள் தூங்கும் எட்டு மணி நேரமும் அதற்குக் காயும் நேரம். பகலில் எதையாவது காயவைத்தே தீரவேண்டுமென்றால், அந்த நேரத்தில் கணக்கு எழுதலாம், பார்சல் கட்டலாம், உளியைத் தண்ணீர்க் கல்லில் தீட்டலாம். தூசி கிளப்பாத வேலைகள் என்று ஒரு சின்னப் பட்டியல் எழுதி மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் மூளை உப்புத்தாளைத்தான் தேடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுகிறவர்கள், தடவிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது என்பது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்வது. சேரும்போது சூடு உண்டாகும். விரித்துப்போட்ட துணியில் அந்தச் சூடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தீப்பிடிக்கும். அவசரமாக அடுத்த வேலைக்கு ஓடும் நாளில்தான் துணியைச் சுருட்டி எறிவோம். வெளியே தனித்தனியாக விரித்துப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வையுங்கள்.

வீட்டு ரிப்பேரை 'அரை மணி நேர வேலை' என்பது

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அது வீட்டு ரிப்பேருக்கென்றே சொன்னது போலிருக்கும். குழாய் சொட்டுகிறது. வாஷர் மாற்றினால் போதும். மெயின் வால்வை மூடி, ஸ்பேனரைப் போட்டுத் திருகினால், உள்ளே துருப்பிடித்த ஸ்பிண்டில் கையோடு வருகிறது. வாங்கி வைத்த வாஷர் அளவு வேறு. கடை மூடும் நேரம். வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை ஆர்டர் கொடுத்தாக வேண்டும், கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் நான் பிரேமுக்குக் கண்ணாடி பொருத்திக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு கண்ணாடியிலும் என் கைரேகை.

நேரத்தைக் குறைத்து மதிப்பிடுவது நம் ஒருவரின் குணம் மட்டுமில்லை. ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் என்ற உளவியலாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். பயந்து சொன்ன கணக்கே போதவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 'இந்த முறை எப்படிச் செய்யப்போகிறேன்' என்று மனதில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு தப்பும், 'போன முறை எத்தனை நேரமானது' என்ற கணக்கு அவ்வளவாகத் தப்பாது. அதனால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். குழாய்: நினைத்தது அரை மணி, ஆனது ஒன்றரை நாள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். டெலிவரிக்கு முந்தின நாள் எந்தக் குழாயையும் சுவிட்ச் போர்டையும் திறப்பதில்லை. திறப்பதென்றால் காலையில், கடை திறந்திருக்கும் நாளில்.

எந்த ரிப்பேர் முதலில் என்பதிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். கண்ணை உறுத்துவதை முதலில் சரிசெய்யத் தோன்றும். கறை பிடித்த சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அப்படித்தான். அந்தக் கறை கசிவால் வந்ததென்றால், கசிவை அடைத்துச் சுவரை நன்றாக உலரவிடாமல் அடிக்கும் பெயிண்ட் சில வாரத்தில் உரியும். தண்ணீர் கசிவு, கரண்ட், கேஸ், பூட்டாத கதவு: இவை காத்திருக்காது, விட்டால் பெருகும். அழகு சம்பந்தப்பட்டதெல்லாம் காத்திருக்கும். ஆறு மாதம் காத்திருந்தாலும் கெட்டுப்போகாது.

ஒரே பர்ஸ்

டிரில்லிங் மெஷின் வாங்கியது எதற்கு? 'வியாபாரத்துக்கு' என்று வீட்டில் சொன்னேன். அதில் நான் போட்ட ஓட்டைகளில் முக்கால்வாசி திரைச்சீலைக் கம்பிக்கு. கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் மாதக் கடைசியில் வியாபாரத்தில் லாபமா நஷ்டமா என்று கேட்டால் பதில் தெரியாது. வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கோ, குறைந்தபட்சம் தனிப் பையோ இல்லாதவரை தெரியவே தெரியாது.

விலை வைப்பதில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. மரத்துக்கும் கண்ணாடிக்கும் ஆன செலவை இரண்டால் பெருக்கி, கொஞ்சம் கூட்டி விலை என்று வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பிரேமின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம், கண்ணாடி, கொக்கி 40. பசை, உப்புத்தாள், வார்னிஷ் 10. அட்டைப்பெட்டியும் அனுப்பும் செலவும் 15. பத்தில் ஒன்று கீறலோ விரிசலோ விழுந்து வீணாகும், அதன் பங்கு 6. மிச்சம் 29. ஒரு பிரேமுக்கு அளப்பதிலிருந்து பார்சல் கட்டுவது வரை எனக்கு நான்கு மணி நேரம். மணிக்கு 7 சொச்சம். இதில் வாடிக்கையாளரோடு போனில் பேசிய நேரத்தைச் சேர்க்கவே இல்லை. நெருங்கியவர்களுக்கு 20 குறைத்துக் கொடுத்தேனே, அப்போது மணிக்கு இரண்டேகால். கைநீட்டி வாங்கிய காசில் என் உழைப்புக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

விலையை ஏற்றினேன். இரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

பிடித்த வேலையை முழுக்க விற்றுவிடுவது

'நன்றாகச் செய்கிறீர்களே, விற்கலாமே' என்று யாராவது சொல்வார்கள். குளிர்ந்து போவோம். விற்பதில் தப்பில்லை, செய்கிற ஒவ்வொன்றையும் விற்பதில்தான் சிக்கல்.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்குப் பொருந்தும். படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் அதே பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழுப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த இன்னொரு குழுவின் ஆசை குறையவில்லை. பரிசு வந்ததல்ல பிரச்சினை, பரிசுக்காக வரைகிறோம் என்று ஆனதுதான். நாம் குழந்தைகள் இல்லை, பிரேம் சான்றிதழும் இல்லை. ஆனாலும் நாற்பதாவது பிரேமை இழைக்கும்போது மரத்தின் வாசனை மூக்கில் ஏறவில்லை என்பதைக் கவனித்தேன்.

இப்போது பிரேம் மட்டும் விற்பனைக்கு. கடைந்து செய்யும் சின்னக் கிண்ணங்கள் எனக்கு. கோணலாக வந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. யாராவது விலை கேட்டால் சும்மா கொடுத்துவிடுவேனே தவிர விற்பதில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக வரும் மற்றவை

எடுத்து வைக்கும் நேரத்தையும் திரும்ப ஒதுக்கும் நேரத்தையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மணி நேரம் கிடைத்தது என்று உட்கார்ந்தால் கால் மணி நேரம் பரப்ப, கால் மணி நேரம் ஒதுக்க. அதனால் மூன்று வேலைக்கும் மூன்று தட்டுகள். மேசையில் ஒரு சமயத்தில் ஒரு தட்டுதான். பாதியில் நின்றது தட்டோடு அலமாரிக்குப் போகும், எந்த இடத்தில் நின்றேன் என்ற துண்டுச்சீட்டோடு. உளி, பிளேடு கிடக்கும் தட்டு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்திலே.

தேதி சொல்வதும் அப்படித்தான்.

“சனிக்கிழமை கிடைச்சிடுமா சார்?”

“கிடைச்சிடும்.”

இந்த ஒரு சொல்லில்தான் பல வாரக்கடைசிகள் போயின. வேலை முடியும் நாளைச் சொல்லாமல், காய்ந்து, பார்சலாகி, கைக்குப் போய்ச் சேரும் நாளைச் சொல்ல வேண்டும், அதோடு ஒரு குழாய் உடையும் நாளையும் சேர்த்து. இப்போதெல்லாம் 'பார்த்துச் சொல்கிறேன்' என்று வைத்துவிட்டு, காலண்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன்.

கடைசியாக, எல்லாவற்றையும் நானே செய்வேன் என்ற வீம்பு. மெயின் சுவிட்சை அணைத்து டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் எந்தக் கம்பியையும் தொடக்கூடாது, களைப்பாக இருக்கும் நாளில் அப்படியும் தொடக்கூடாது. அதற்கு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவர் வாங்கும் கூலியைவிட, அந்த நேரத்தில் நான் செய்யும் பிரேமில் வருவது குறைவாக இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

மர வேலையிலும்கூட இது உண்டு. எங்கள் சமையலறை அலமாரிக் கதவு ஒன்று கீல் இறங்கி, மூடவே மூடாது. “ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குறீங்க, இந்தக் கதவுக்கு மட்டும் உங்களுக்கு நேரம் வரமாட்டேங்குது” என்று வீட்டில் ஆறு மாதம் கேட்டாயிற்று. போன வாரம் ஒரு தச்சரைக் கூப்பிட்டோம். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, கூடத்தில் மாட்டியிருந்த பிரேமைப் பார்த்து, “இது யாருங்க செஞ்சது, நல்லா இருக்கே” என்றார். நான் உள்ளே போய்க் கூலியை எடுத்து வந்தேன்.