டிடிஏ ஃபிளாட்டில் சுவரை உடைக்கும் முன்: டெல்லியில் வீட்டு வேலைக்கு அனுமதி வாங்குவது எப்படி?

டெல்லித் தமிழர்களில் பலருக்கு வீட்டு வேலைக்கு அனுமதி என்ற பேச்சே புதிது. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.கே. புரத்திலோ சரோஜினி நகரிலோ அரசு குவார்ட்டர்ஸில் இருந்த வரைக்கும், குழாய் ஒழுகினால் சிபிடபிள்யூடியின் (மத்தியப் பொதுப்பணித் துறை) புகார் அலுவலகமான என்கொயரியில் எழுதி வைப்போம், ஆள் வருவார். சுவர் சர்க்காருடையது, நாம் அதில் ஆணி அடிக்கவே யோசிப்போம். ரிட்டயர்மென்ட் பணத்தில் மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஒரு டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃபிளாட் வாங்கிய மறுநாளே நிலைமை மாறிவிடுகிறது. இது நம் வீடு, யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர். அதை எடுத்துவிட்டால் வெளிச்சம் வரும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. டேக்கேதார், அதாவது கான்ட்ராக்டர், வந்து சுவரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, "ஹோ ஜாயேகா, தீன் தின் கா காம் ஹை" (ஆகிவிடும், மூன்று நாள் வேலை) என்றார். அட்வான்ஸ் கொடுக்கப் போகும் நேரத்தில் மேல் மாடி மாமி கேட்டார்: "அந்தச் சுவருக்கு மேலதானே எங்காத்து அடுக்களைச் சுவர் நிக்கறது?" அந்தக் கேள்விக்கு டேக்கேதாரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அனுமதி, விதி, படிவம் என்று நான் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான். முதல் தடவை வீட்டு வேலை செய்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நான் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வீடு யாருடைய கையில் இருக்கிறது?

டெல்லியில் கட்டட அனுமதி தரும் அலுவலகம் ஒன்றே ஒன்று அல்ல. பெரும்பாலான குடியிருப்புகள் மாநகராட்சி, அதாவது எம்சிடியின் கீழ் வருகின்றன. முன்பு மூன்றாகப் பிரிந்திருந்த எம்சிடி 2022 மே மாதம் மறுபடி ஒன்றாகிவிட்டது. இப்போது 12 மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் கட்டடப் பிரிவு. மத்திய டெல்லியின் லுட்யன்ஸ் பகுதி என்டிஎம்சியின் (புது டெல்லி மாநகராட்சி மன்றம்) கீழும், கன்டோன்மென்ட் தனி போர்டின் கீழும் இருக்கின்றன. டிடிஏ கட்டிய காலனிகள் பல எம்சிடிக்குக் கை மாறிவிட்டன, சில இன்னும் டிடிஏவிடமே இருக்கின்றன. உங்கள் காலனி எந்தப் பக்கம் என்பதை ஆர்டபிள்யூஏ (குடியிருப்போர் நலச் சங்கம்) செயலாளரிடம் கேட்டு, வீட்டு வரி ரசீதையும் ஒரு தடவை பாருங்கள். கூட்டுறவு சொசைட்டி ஃபிளாட் என்றால் சொசைட்டியின் எழுத்து மூலமான ஒப்புதலும் சேர்ந்து தேவைப்படும்.

ஹௌஸ் காஸ், கிரீன் பார்க் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அந்த 300 மீட்டருக்குள் பழுதுபார்க்கும் வேலைக்கே தனி அனுமதி வேண்டும். டெல்லியில் இப்படி 170க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருப்பதால், தெருக்கோடியில் இருக்கும் சிறு கும்மட்டமும் அந்தப் பட்டியலில் இருக்கலாம். விசாரித்துவிடுங்கள்.

படி 2: டேப்பை எடுத்துச் சுவரை அளங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

பழைய டிடிஏ நாலு மாடி ஃபிளாட்டுகள் பலவற்றில் கான்கிரீட் தூண் கிடையாது. செங்கல் சுவரே மேல் தளத்தைச் சுமக்கிறது. அப்படிச் சுமக்கும் சுவர் 9 அங்குலம். இரண்டு பக்கப் பூச்சும் சேர்த்தால் ஏறக்குறைய 10 அங்குலம் வரும். வெறும் தடுப்புக்காகக் கட்டிய அரைச் செங்கல் சுவர் நாலரை அங்குலம், பூச்சோடு ஐந்தரை. எங்கே அளப்பது? கதவு நிலை இருக்கும் இடத்தில். கதவை முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, நிலையை ஒட்டிச் சுவரின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை டேப்பைப் பிடியுங்கள். எங்கள் சமையலறைச் சுவர் 10 அங்குலத்தைத் தொட்டு நின்றது. ஸ்டோர் ரூமையும் ஹாலையும் பிரிக்கும் சுவர் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே.

அடுத்து, கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் போய்ப் பாருங்கள். அதே இடத்தில் அதே சுவர் தரைத்தளத்திலிருந்து மேல் மாடி வரை ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கிறதா? நின்றால் அது சுமக்கும் சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் கீழ் வீட்டு ஆன்ட்டி ஜியிடம் டேப்போடு போய் நின்றபோது அவர் முதலில் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

டெல்லியில் இருக்கிறவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நில அதிர்வு வரைபடத்தில் டெல்லியை நான்காம் மண்டலம் என்று குறித்துத்தான் இத்தனை காலமும் கட்டடங்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 2025 பிப்ரவரி 17 விடியற்காலை 5.36க்கு வந்த அதிர்வு நினைவிருக்கும். அளவு 4.0தான். மையம் தௌலா குவான் பக்கம் என்பதால் கட்டில் ஆடியது, ஜன்னல் கண்ணாடி சத்தம் போட்டது. ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் தன் வசதிக்காக ஒரு சுவரை எடுத்திருந்தால் அந்தச் செங்கல் கட்டடம் அன்று எப்படி நின்றிருக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன்.

டேப் அளவு உங்களுக்கு முதல் குறிப்பை மட்டும்தான் தரும். சுவரைத் தொடுவது என்று முடிவானால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் வந்து பார்த்தே ஆக வேண்டும். டேக்கேதாரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அவர் கையெழுத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பில்லை.

படி 3: உங்கள் வேலை எந்தப் பட்டியலில் வருகிறது?

எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும் என்று பயப்பட வேண்டாம். டெல்லிக்கான ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2016இல் வந்தவை. அவற்றின்படி வெள்ளையடிப்பது, பெயின்ட், பூச்சு வேலை, தரை மாற்றுவது, பால்ஸ் சீலிங், உங்கள் மனைக்குள்ளேயே திறக்கும் கதவு ஜன்னலை வைப்பதும் மூடுவதும், 75 சென்டிமீட்டருக்கு மிகாத சன்ஷேட் ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் 1 மீட்டருக்குக் குறையாமலும் ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமலும் இருந்தால் அதற்கும் வேண்டாம்.

டிடிஏ ஃபிளாட்டுக்கென்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு. பலருக்கு இது இருப்பதே தெரியாது. வராந்தாவுக்கு கிரில், கண்ணாடி போடலாம். பால்கனிக் கைப்பிடிச் சுவரை கிரில் அல்லது கண்ணாடியால் 5 அடி வரை உயர்த்தலாம். சுவரைக் கொத்தாமல் பரண் அமைக்கலாம். ஏசிக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ இரண்டரை அடிக்கு ஒன்றே முக்கால் அடி வரை துளை போடலாம். வாட்டர் ப்ரூஃபிங் செய்து தரையை மாற்றலாம். பொது வழியையும் மழைநீர்க் கால்வாயையும் மறிக்காமல் வாசலில் சாய்தளம் போடலாம். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் இது பெரிய உதவி. நாலரை அங்குலச் சுவரை எடுப்பதற்கும் அந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது. 9 அங்குலச் சுவருக்கு இல்லை.

முன் அனுமதி வேண்டியவை வேறு. சமையலறை, குளியலறை, கழிப்பறை ஆகியவற்றை இடம் மாற்றுவது அதில் முதல். அடுத்தவர் படுக்கையறைக்கு மேல் உங்கள் கழிப்பறை போய் உட்கார்ந்தால் ஒழுகல் யாருக்கு என்று யோசியுங்கள். திறந்த டெரஸுக்கு ஃபைபர் கிளாஸ், தகரம் போன்ற இலேசான பொருளில் சாய்வான கூரை போடுவதற்கும் அனுமதி வேண்டும். உயரம் 9 அடி வரை, பரப்பு 100 சதுர அடி வரை என்று வரம்பு. முற்றத்தை மூடுவது, மொட்டை மாடியில் பர்சாத்தி, அதாவது சிறு அறை, கட்டுவது எல்லாம் இந்த வகைதான். பொது இடத்தில் ஒரு அடி நீட்டுவது எந்தப் பட்டியலிலும் கிடையாது.

படி 4: கோப்பைத் தயார் செய்யுங்கள்

பொதுவாக இவை தேவைப்படும்: கன்வேயன்ஸ் டீட் (வீட்டின் உரிமைப் பத்திரம்) நகல், வீட்டு வரி ரசீது, ஃபிளாட்டின் மூல வரைபடம், இப்போது இருக்கும் நிலையையும் செய்யப் போகும் மாற்றத்தையும் காட்டும் புது வரைபடம், ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரின் பாதுகாப்புச் சான்று, பாதிக்கப்படக்கூடிய மற்ற ஃபிளாட்காரர்களின் சம்மதக் கடிதம். வரைபடம் போடுகிறவர் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவரா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். எம்சிடிக்கு விண்ணப்பம் ஆன்லைனில் போகிறது, அவர் மூலமாகவே ஏற்ற வேண்டியிருக்கும்.

மூல வரைபடத்தை வாங்குவதுதான் இதில் கஷ்டம், ஆனால் விடாதீர்கள். நாங்கள் வாங்கும்போதே பின் பால்கனி ஒரு சிறு அறையாக மூடப்பட்டிருந்தது. பழைய சொந்தக்காரர் எப்போதோ செய்தது. கடனுக்காக வந்த மதிப்பீட்டாளர் வரைபடத்தையும் பால்கனியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது கணக்கில் வராது" என்றார். நாங்கள் காசு கொடுத்த அறை காகிதத்தில் இல்லை. கைமாறும் வீடு வாங்குகிறவர்கள் டோக்கன் பணம் கொடுக்கும் முன்பே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்து பார்க்க வேண்டும்.

படி 5: மாடிப்படியைச் சுற்றியிருக்கும் வீடுகளிடம் பேசுங்கள்

சம்மதக் கடிதத்தை ஒரு சடங்காக நினைக்காதீர்கள். ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தும் எட்டு வீடுகளும் ஒரே சுவர்களின் மேல்தான் வாழ்கின்றன. வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போங்கள். என்ன வேலை, எத்தனை நாள், எந்த நேரத்தில் சத்தம் வரும் என்று சொல்லுங்கள். "நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று அவசரப்படுத்தாதீர்கள். படித்துப் பார்க்க இரண்டு நாள் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த கட்டை விரலைச் சம்மதமாக எண்ண வேண்டாம், தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

படி 6: மாதம் பார்த்து ஆரம்பியுங்கள்

டெல்லிக்கே உரிய சிக்கல் இது. அக்டோபர் பிறந்தால் காற்று கெடும், மாசு கூடக் கூடக் கட்டம் கட்டமாக இறுகும் கிராப் கட்டுப்பாடுகள் வரும். மூன்றாம் கட்டம் அறிவித்துவிட்டால் இடிப்பு, செங்கல் கட்டு வேலை போன்ற தூசி கிளப்பும் வேலைகள் நிற்க வேண்டும். டைல் வெட்டுவதும் பூச்சு வேலையும்கூட வீட்டுக்குள் சிறு பழுதுபார்ப்பு என்ற அளவில்தான் நடக்கலாம். பிளம்பிங், எலெக்ட்ரிகல், தச்சு வேலைக்குத் தடை இருப்பதில்லை. ஆகவே உடைக்கிற வேலையை மார்ச்சுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பாதி உடைத்துவிட்டு நவம்பர் முழுக்கத் தூசியில் சமைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மல்பாவை, அதாவது இடிபாட்டை, பார்க் ஓரத்தில் கொட்டினால் அபராதம். மூட்டை கட்டி எம்சிடி குறித்திருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அது வீணாவதில்லை, 2009 முதல் புராரியில் உள்ள ஆலையில் மல்பாவை அரைத்து மறுபடி கட்டுமானப் பொருளாக்குகிறார்கள். மல்பா எடுத்துப் போகும் கூலியை டேக்கேதாரின் எஸ்டிமேட்டில் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டால்?

அனுமதியில்லாத வேலைக்கு, 1957ஆம் ஆண்டின் டெல்லி மாநகராட்சிச் சட்டத்தில் 343, 344, 345ஏ என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. முறையே இடிப்பது, வேலையை நிறுத்துவது, சீல் வைப்பது. இடிக்க உத்தரவிடும் முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும். அதைக் கதவிடுக்கில் செருகி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உத்தரவு கைக்கு வந்தபின் நீங்களே இடிப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் 5 நாளுக்குக் குறையாமலும் 15 நாளுக்கு மேற்படாமலும்தான். மேல்முறையீடு எம்சிடி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் செய்யலாம். நோட்டீஸ் வந்த அன்றே வரைபடத்தோடும் சம்மதக் கடிதங்களோடும் ஒரு வக்கீலைப் பாருங்கள். "தெருவில் எல்லோரும் கட்டியிருக்கிறார்களே" என்ற வாதம் அங்கே எடுபடாது.

எங்கள் சமையலறைச் சுவர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அதற்குப் பதிலாக இன்ஜினியர் பார்த்துச் சரி சொன்னபின் ஸ்டோர் ரூமின் நாலரை அங்குலச் சுவரை எடுத்தோம். காலை வெயில் இப்போது அந்த வழியாக ஹாலில் சாப்பாட்டு மேஜை வரை வருகிறது. வேலை முடிந்த வாரம் மாமி கீழே இறங்கி வந்து, புது இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சமையலறைச் சுவரில் ஒரு தடவை கை வைத்துப் பார்த்தார். இன்ஜினியர் சான்றின் ஒரு நகலை அவருக்கும் கொடுத்திருக்கிறேன்.