ஆறு பேருக்கு ஐந்து பீஸ்: நடுவில் வைத்துச் சாப்பிடும் ரெஸ்டாரண்டில் ஆர்டர் சொல்வது எப்படி?

மாமியாரின் பிறந்தநாளுக்குக் காட்பாடிப் பக்கம் கூட்டம் அலைமோதுகிற ஒரு ரெஸ்டாரண்டுக்கு ஆறு பேராகப் போனோம். தட்டுகளை மேசை நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்கிற மாதிரியான இடம். நான் கெத்தாக ஏழு ஐட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கால் மணி நேரத்தில் மேசையில் டம்ளர் வைக்க இடமில்லை. பாதி ஆறிப்போனது. பில்லைப் பார்த்து மச்சான் எதுவும் பேசவில்லை, அதுதான் வலித்தது. அதற்கப்புறம் இரண்டு முறை போய்க் கற்றுக்கொண்டது இது.

1. மேசை

சனி, ஞாயிறு என்றால் போன் செய்துவிட்டுப் போங்கள். வட்ட மேசை இருக்கிறதா என்று கேளுங்கள். நீள மேசையில் ஓரத்தில் மாட்டியவருக்குத் தட்டு வந்து சேர்வதற்குள் எலும்புதான் மிஞ்சும்.

2. மெனு

மேசையில் கியூஆர் ஒட்டியிருந்தாலும் அச்சடித்த மெனு கார்டையே கேட்டு வாங்குங்கள். ஒரு போனை ஆறு பேர் மாற்றி மாற்றிப் பார்ப்பதற்குள் பசி போய்விடும். பெரியவர்களுக்கு அந்த எழுத்தும் தெரியாது.

3. பீஸ் கணக்கு

நான் கவிழ்ந்தது இங்கேதான். நம் ஊர்ப்பக்கம் பழக்கம் என்ன? ஆளுக்கொரு பிளேட் பிரியாணி, கூடவே கத்தரிக்காய், தயிர் பச்சடி. யார் தட்டு யாருடையது என்ற குழப்பமே கிடையாது. இங்கே அப்படியில்லை. வறுத்த இறால் ஒரு பிளேட் வந்தது. எண்ணினால் ஐந்து. நாங்கள் ஆறு பேர். "எனக்கு வேணாம்ப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று மாமியார் ஆரம்பிக்க, ஆளாளுக்கு விட்டுக்கொடுத்து, கடைசி இறால் தட்டிலேயே கிடந்து காய்ந்தது.

அதனால் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சர்வரிடம், "அண்ணே, ஒரு பிளேட்டுல எத்தனை பீஸ் வரும்?" என்று கேட்டுவிடுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். ஆள் எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால், எண்ணி எடுக்கிற ஐட்டத்தை விட்டுவிட்டு அள்ளி எடுக்கிற ஐட்டத்துக்குப் போங்கள். மிளகு போட்டுப் புரட்டிய காளான், உதிர்த்த சிக்கன் போன்றவற்றில் சண்டை வராது.

இன்னொன்று, இரண்டு தவணையாகச் சொல்லுங்கள். ஆறு பேருக்கு முதலில் மூன்று ஸ்டார்ட்டர், மூன்று சூப் ஒன் பை டூ. அவை பாதி காலியானதும் அடுத்தது. ஒருமுறை கேஓடி (சர்வர் கிச்சனுக்கு அனுப்பும் ஆர்டர் சீட்டு) போட்டு அது கிச்சனுக்குப் போய்விட்டால் கேன்சல் செய்வது கஷ்டம்.

4. கரண்டி

எங்கள் வீட்டில் எச்சில் பார்ப்பார்கள். வாயில் வைத்த ஸ்பூனைப் பொதுத்தட்டில் விட்டால் மாமியார் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். தட்டு வந்தவுடனே ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி கேளுங்கள். என்னைக் கேட்டால் கரண்டியைவிட இடுக்கி மேல், பீஸ் நழுவாது.

5. பிரியாணி

ஸ்டார்ட்டர் எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு பேருக்கு ஒரு பிளேட் போதும். முன்கூட்டியே சொன்னால் வீண்தான். சீரகச் சம்பா கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும்.

6. பில்

பெரும்பாலான ரெஸ்டாரண்ட்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். சாப்பாடு 2,400 ரூபாய் என்றால் வரி 120, ஆக மொத்தம் 2,520. ஆறு பேருக்கு ஆளுக்கு 420. இதற்கென்று தனி ஆப் எல்லாம் எதற்கு? ஒருவர் கட்டட்டும், மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்தபடி ஜிபே செய்யட்டும். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றால் வராது.

சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறதா பாருங்கள். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவார்கள். பரிமாறியவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.

பின்சேர்க்கை: சைவக்காரர்கள் கூட வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சைவத் தட்டுகளை மேசையின் ஒரு பக்கமாக வைக்கச் சொல்லுங்கள், அவற்றின் கரண்டி இந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்பதை ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் சித்தி அதைக் கேட்டார், ஆமாம் என்றார்கள். பன்னீர் டிக்கா வாங்கிக்கொண்டார், அது பொரிப்பதில்லை, அடுப்பில் சுடுவது.

மிச்சத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா பிடிக்காதவர்கள் வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பா கொண்டுபோகலாம். மாமியார் இப்போதெல்லாம் கைப்பையில் இரண்டு வைத்திருக்கிறார்.