புதிதாக நிறுவிய லினக்ஸில் யூஎஸ்பி மவுஸ் இயங்கவில்லையா?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பில் போடும் பழைய கணினிக்கும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலிக் கணக்கு எழுதும் கணினிக்கும் லினக்ஸ் வகை இயங்குதளங்களான உபுண்டுவோ லினக்ஸ் மிண்ட்டோ நல்ல மாற்றாகும். நிறுவி முடித்தபின் அம்புக்குறி நகரவில்லை என்பதற்காக மறுபடியும் முதலிலிருந்து நிறுவ வேண்டாம். யூஎஸ்பி மவுஸை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸுடனேயே வருவதால், கோளாறு பெரும்பாலும் கணினிக்கு வெளியிலேயே இருக்கும். தேடலையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில், முன்பக்கப் போர்ட்டிலிருந்து மவுஸைக் கழற்றிப் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். பின்பக்கப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்பக்கத்தவை உள்ளே ஒரு வயர் வழியாக இணைக்கப்பட்டவை என்பதால், அந்த வயர் தளர்ந்தாலே வேலை நின்றுவிடும். பட்டறைகளில் மெருகு போடும்போது பறக்கும் உலோகத் தூள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே கணினியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் போர்ட்டைத் துடைக்க வேண்டும். ஏற்காட்டின் ஈரக்காற்றில் மவுஸ் பிளக்கின் உள்தகடுகளில் களிம்பு ஏறியிருக்கவும் கூடும். மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு சரியென்று முடிவு செய்யாதீர்கள்: 5 வோல்ட் மின்சாரம் வந்து சேர்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று, தகவல் செல்வது வேறு இரண்டு கம்பிகளில்.

அடுத்து, கீபோர்டில் கண்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, கட்டளைகளை அடிக்கும் திரையான டெர்மினலைத் திறந்து, எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து சிறிய ஆங்கில எழுத்துகளை இடைவெளியின்றி அடித்து என்டர் தட்டுங்கள். மவுஸைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் செருகிவிட்டு ஒருமுறையும் இதைச் செய்து, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். இரண்டாவதில் ஒரு வரி கூடியிருந்தால் கணினி மவுஸைக் கண்டுகொண்டது.

வரி கூடவில்லையென்றால், நிர்வாகி உரிமையுடன் கட்டளையை இயக்கும் சூடோ என்ற சொல்லை (எஸ், யூ, டி, ஓ) முன்னால் வைத்து, ஓர் இடைவெளி விட்டு டி, எம், இ, எஸ், ஜி என்று அடியுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்பானதே. மவுஸைச் செருகியதை ஒட்டிக் கடைசி வரிகளில் ‘எரர் -71’ என்று வந்திருந்தால், பெரும்பாலும் வயரிலோ போர்ட்டிலோதான் பழுது. அதே மவுஸை வேறொரு கணினியில் செருகிப் பார்த்தால் எதன் பழுது என்பது தெரிந்துவிடும்.

மவுஸ் இயங்கி, சில நொடிகள் கைபடாமல் இருந்தாலே உறைந்து, கிளிக் செய்த பின்னரே விழிக்கிறது என்றால், மின்சேமிப்பு அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரி நீடிக்கட்டும் என்று பவர்டாப் என்ற மின்சேமிப்பு நிரலின் தானியங்கி அமைப்பை இயக்கிய மடிக்கணினிகளில் இது நேரும். அந்நிரலை டெர்மினலில் சூடோவுடன் திறந்து, ‘டியூனபிள்ஸ்’ பகுதியில் மவுஸுக்குரிய வரிக்குச் சென்று என்டர் தட்டினால், ‘குட்’ என்றிருப்பது ‘பேட்’ என்று மாறும். மின்சேமிப்பு நீங்கியது என்பதே அதன் பொருள். கணினியை மறுபடி தொடங்கும்போது இந்த மாற்றம் நிலைக்காது என்பதால், தானியங்கி அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.