போட்டுக்கு அடியில் படுக்க முடியாது: இன்ஜின் ஆயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்லட்டுக்கும் டிராக்டருக்கும் ஆயில் மாற்றிப் பழகிய கைதான் போட் இன்ஜினுக்கும் வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் டிராக்டர் என்றால் அடியில் ஒரு போசியை வைத்து போல்ட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். போட்டுக்கு அடியில் இருப்பது ஒன்று ஏரி, இல்லாவிட்டால் டிரெய்லர் சட்டம். இந்த வித்தியாசம் புரியாததால்தான் தோட்டத்துச் சாளையில் போட்டை நிறுத்தி வைத்திருக்கிறவர்களும், படகுத்துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்களும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மாட்டுகிறார்கள். மூடியை மறக்காதீர்கள், கையுறை போடுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது ஒரு தடவை சட்டை நனைந்தால் தானே வந்துவிடும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுக்கு, அதாவது போட்டின் பின்பக்கம் வெளியே தொங்கும் இன்ஜினுக்கு. போட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இன்போர்டுக்கு மாறுகிற இடத்தில் சொல்கிறேன். பொதுவாகப் புது இன்ஜினுக்கு முதல் 20 மணி நேர ஓட்டத்தில் ஒரு தடவை, அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவ்வளவு ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை.

தண்ணீர் கொடுக்காமல் "சூடு பண்ணுவது"

இதைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. காட்சி எப்போதும் ஒன்றுதான். களத்தில் டிரெய்லர், டிரெய்லர் மேல் போட், பக்கத்தில் புது ஆயில் டப்பா. "ஏனுங்ணா, ஆயில் சூடா இருந்தாத்தான முழுசா எறங்கும்? நியூட்ரல்ல ஒரு அஞ்சு நிமிசம் ஓட்டிட்டு எடுத்துக்கலாமுங்களா?" கேட்டு முடிப்பதற்குள் சாவியைத் திருப்பியாகிவிடும்.

அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கிடையாது. கீழே கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் சல்லடைத் துளை வழியாக ஏரித் தண்ணீரை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இழுக்கிற பம்பில் இருப்பது ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர். இறக்கைகள் வளைந்து, பம்பு அறையின் சுவரை உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலுக்கு ஆயில், கிரீஸ் எதுவும் இல்லை. உள்ளே வரும் தண்ணீர்தான் வழுக்கல். தண்ணீர் இல்லாமல் சில வினாடி ஓடினாலே ரப்பர் சூடேறத் தொடங்கிவிடும். ஒரு நிமிடத்துக்குள் இறக்கையின் விளிம்பு கருகலாம். நியூட்ரலில் ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்பதும் பொய் நம்பிக்கை. நியூட்ரலில் நிற்பது காற்றாடி (புரொப்பெல்லர்) மட்டும்தான். இம்பெல்லர் மெயின் ஷாஃப்டிலேயே உட்கார்ந்திருப்பதால், இன்ஜின் சுற்றும்வரை அதுவும் சுற்றும்.

கோயம்புத்தூர்க்காரருக்கு 'ட்ரை ரன்' என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர் வற்றினால் மோட்டார் கருகிவிடும் என்று ஸ்டார்ட்டர் பெட்டியில் அதற்கென்றே ஒரு கருவி மாட்டி வைத்திருப்பார். அதே ஆள் போட் இன்ஜினை வெட்டவெளியில் முறுக்கிக்கொண்டிருப்பார். அதுவும் பம்புதானுங்க.

இதில் கெட்ட விஷயம், சேதம் அன்றைக்குத் தெரியாது. அலாரம் அடிக்காது. ஹெட் சூடாகி அலாரம் அடிப்பதற்கு ரொம்ப முன்னாடியே ரப்பர் போய்விட்டிருக்கும். ஆயில் மாற்றியாகிவிட்டது, சத்தமும் சுத்தமாக இருக்கிறது என்று திருப்தியாக மூடிப் போட்டுவிடுவார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறக்கி மெதுவாக ஓட்டும்போதும் சரியாகவே இருக்கும். இன்ஜினின் பின்பக்கத் துளையிலிருந்து பீய்ச்ச வேண்டிய தண்ணீர் மட்டும் கொஞ்சம் சோம்பலாக வரும். நடு ஏரிக்குப் போய் வேகம் கூட்டியதும் அலாரம்.

இம்பெல்லரை மாற்றிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பிய்ந்த இறக்கைத் துண்டுகள் மேலே ஏறி, குளிர்நீர் போகும் சந்துகளிலும் தெர்மோஸ்டாட்டிலும் போய் அடைத்துக்கொள்ளும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று தலையைச் சொறிவது இதனால்தான். பழைய இம்பெல்லரைக் கழற்றியதும் துண்டுகளை ஒரு தட்டில் வைத்து இறக்கை இறக்கையாகச் சேர்த்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது. எடுக்காமல் மூடினால் அடுத்து ஹெட் கேஸ்கெட். இம்பெல்லர் கிட் விலையை யாரும் தாங்குவார்கள். ஹெட் வளைந்த பிறகு வரும் பில் அப்படியல்ல.

சரி, தண்ணீர் கொடுப்பது எப்படி? இரண்டு வழி. முதல் வழி, இரண்டு ரப்பர் கிண்ணம் வைத்த கவ்வி. ஹெட்போன் மாதிரி இருக்கும். 'இயர் மஃப்' என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு பக்கச் சல்லடையும் முழுசாக மூடும்படி மாட்டி, ஹோஸ் தண்ணீரைத் திறந்து, தண்ணீர் வழிந்த பிறகுதான் சாவி. சில மாடல்களில் வேறு இடத்திலும் ஒரு உறிஞ்சுத் துளை இருக்கும். அதை டேப் ஒட்டி அடைக்காவிட்டால் பம்பு காற்றை இழுக்கும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அரை இஞ்சு ஹோஸில் வந்தால் பல சமயம் போதாது. தோட்டத்து மோட்டாரிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, வாயை அகலமாக வெட்டிய 200 லிட்டர் டிரம். காற்றாடிக்கு மேலே படுக்கைவாக்கில் ஒரு தகடு இருக்கிறதே, அது முங்கி அதற்கு மேலும் நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். பம்பு இருப்பது அந்தத் தகட்டை ஒட்டித்தான். காற்றாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். எந்த வழியானாலும் ஐடிலிங் மட்டும், ஐந்து நிமிடம். பின்பக்கத் துளையில் தண்ணீர் வரவில்லையா, உடனே அணைத்துவிடுங்கள்.

இதிலேயே ஒரு குட்டிப் பொறி உண்டு. பல இன்ஜின்களில் ஹோஸ் மாட்டிக் கழுவுவதற்கென்று மேலேயே ஒரு இணைப்பு இருக்கும். காயல் உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்தால் உள்ளே அலசுவதற்கு அது. அதில் ஹோஸை மாட்டிவிட்டு, தண்ணீர்தான் போகிறதே என்று ஸ்டார்ட் செய்வார்கள். அந்தத் தண்ணீர் இன்ஜினுக்குப் போகும். கீழே இருக்கும் பம்புக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. இன்ஜினை அணைத்து வைத்துத்தான் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று பல கையேடுகளில் எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் இந்தச் சூடு பண்ணும் வேலையே நமக்குப் பாதி தேவையில்லாதது. குளிர்நாட்டில் ஆயில் தேன் மாதிரி உறைந்து நிற்கும், அவர்களுக்கு அது சரி. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் இன்ஜினில் 10டபிள்யூ-30 ஆயில் தானாகவே இறங்கும். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அடியில் படிந்த கசடும் கலந்து வர வேண்டுமென்றால், ஏரியில் ஓட்டிக் கரையேற்றிய கையோடு மாற்றிவிடுங்கள். மார்கழியில் ஏற்காட்டில் மாற்றுகிறவருக்கு வேண்டுமானால் டிரம் தேவைப்படும்.

தப்பான ஸ்க்ரூ

இன்ஜின் ஆயில் மேலே, கியர் ஆயில் கீழே. காற்றாடி பக்கம் இருக்கும் ஸ்க்ரூவைத் திறந்து, "ஆயில் எறங்கிருச்சு" என்று மேலே புதுசை ஊற்றினால் இன்ஜினில் இரட்டிப்பு ஆயில், கியர் பெட்டி காலி. கீழே இறங்குவது கெட்டியாக, தனி வாடையோடு இருக்கும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. அதை முதலில் பாருங்கள்.

கீழே இறக்கியே தீருவேன் என்பது

போட்டில் ஆயிலை மேலே உறிஞ்சுவதுதான் சுத்தம். டிப் ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டு, தரை தட்டும் வரை இறக்கி, கையால் அடிக்கும் வேக்யூம் பம்பில் இழுக்க வேண்டும். இன்போர்டில் பெரும்பாலும் இதுதான் வழி, இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குக் கீழே கை நுழையாது. சளக் சளக்கென்று காற்றுச் சத்தம் வந்தால் டியூபை ஒரு விரல் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்குங்கள். முதல் சத்தத்திலேயே முடிந்தது என்று எடுத்துவிடுகிறவர்கள்தான் பாதி ஆயிலை உள்ளேயே விடுகிறார்கள்.

எவ்வளவு வந்தது என்று அளந்து வையுங்கள். பாட்டிலில் கோடு இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். சின்ன அவுட்போர்டுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும், 40-60 குதிரைத்திறனுக்கு மாடலைப் பொறுத்து இரண்டு, மூன்று லிட்டர், பெரிய இன்போர்டுக்கு நாலு லிட்டருக்கு மேல். சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆனால் அந்த அளவை அப்படியே கவிழ்க்கக் கூடாது. உறிஞ்சிய பிறகும் மூலையில் கொஞ்சம் நிற்கும். வந்த அளவில் கால் லிட்டரைக் கையில் நிறுத்திக்கொண்டு ஊற்றி, டிப் ஸ்டிக் பார்த்துப் பார்த்து மீதியைச் சேருங்கள். கூடிப்போனால் கிராங்க் அடித்து நுரைக்கும், மூச்சுக் குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குப் போகும், புகை கக்கும். அளவு பார்க்கும்போது இன்ஜின் நட்டுக்குத்தலாக நிற்க வேண்டும். களம் சரிவாக இருந்தால் டிரெய்லருக்கு ஒரு கல் வையுங்கள்.

பைக் ஆயில்

ஊற்றாதீர்கள். அது ஆயிலில் முங்கி நிற்கும் கிளட்ச்சுக்காகச் செய்தது. டப்பாவில் எஃப்சி-டபிள்யூ (FC-W, நான்கு ஸ்ட்ரோக் போட் இன்ஜின் ஆயிலுக்கான முத்திரை) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். துருவுக்கு எதிரான சோதனையும் அதில் உண்டு.

ஃபில்டரும் பழைய வாஷரும்

ஃபில்டர் படுக்கைவாக்கில் இருந்தால் கழற்றும்போது ஒரு டம்ளர் ஆயிலாவது வழியும். அரைச் சுற்று தளர்த்தி, கனமான பாலித்தீன் பையை அதன்மேல் மாட்டி, பைக்குள்ளேயே கழற்றி எடுங்கள். அடியில் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி. குழந்தைக்குப் போடும் டயப்பரை வைப்பவர்களும் உண்டு. அது தண்ணீரைத்தான் நன்றாகக் குடிக்கும், ஆயிலை ஒழுங்காகக் குடிக்காது. பனியன் வேஸ்ட்டால் ஆயில் ஊற்றும் வாயை மட்டும் துடைக்காதீர்கள், நூல் உள்ளே போகும்.

கழற்றிய ஃபில்டரின் ரப்பர் வாஷர் ஃபில்டரோடு வந்ததா என்று கண்ணால் பாருங்கள். இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்று, அதன்மேல் புது ஃபில்டரின் வாஷரும் உட்கார்ந்தால் பிரஷர் ஏறியதும் நழுவி, மொத்த ஆயிலையும் வெளியே பீய்ச்சிவிடும். புது வாஷரில் ஒரு துளி ஆயில் தடவி, தட்டியதிலிருந்து முக்கால் சுற்று, கையால். அப்புறம் ஒரு நிமிடம் ஓட்டிக் கசிவு பாருங்கள். தண்ணீர் கொடுத்துத்தான். முதல் தடவை ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, இந்த ஒரு நிமிடத்தில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு.

பில்ஜ் பம்பை ஆட்டோவில் விடுவது

இன்போர்டுக்காரர்களுக்கு. பில்ஜ் பம்பு என்பது போட்டின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளுவது. உள்ளே சிந்திய ஆயிலை அந்தப் பம்பு கேட்காமலே ஏரிக்குள் தள்ளிவிடும். வேலை தொடங்கும்போதே அதன் ஒயரைக் கழற்றுங்கள்.

சோப்புத் தூள்

ஆயில் படலத்தின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தால் மினுமினுப்பு மறையும். ஆயில் எங்கும் போகவில்லை, சின்னத் துளியாக உடைந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீரைத்தான் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனத்துக்கும் விடுகிறார்கள், ஊர்க் குழாயிலும் குடிக்கிறோம். தண்ணீர் மேல் விழுந்ததைத் துணி போட்டு ஒற்றி எடுங்கள். களத்துச் சிமென்ட்டில் விழுந்தால் பொள்ளாச்சிப் பக்கம் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளைத் தூவி, ஊறியதும் கூட்டி அள்ளுங்கள்.

பழைய ஆயில்

வேலிக் கம்பத்துக்குப் பூசவும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவவும் கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. மூடி இறுகிய கேனில் ஊற்றி, பழைய ஆயிலை பேரல் கணக்கில் மறுசுழற்சிக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் சேருங்கள். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் இறங்கும், அதுவும் அதே கேனுக்கு.